மொட்டுப் படத்தில் விரிந்த பூக்கள்

"அக்கா, அந்தப் படம் பூக்குது," என்றாள் மொனிகா.

சொல்லிவிட்டு, தான் சொன்னதைக் கேட்டுத் தானே பயந்துபோய்க் கதவைத் திரும்பிப் பார்த்தாள். இத்தாலியில், பலேர்மோ நகரின் ஒரேத்தோத் தெருவில், மூன்றாம் மாடியில் இருக்கிற குசினி அது. வெளியே குருத்தோலை ஞாயிறு முடிந்த திங்கட்கிழமை வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. பேயைப் பற்றிக் கதைக்கிற நேரமே அல்ல. ஆனால் மொனிகா தேநீரைக் குடிக்காமலே தள்ளி வைத்தாள்.

மேசையில் பச்சை அவரை உரித்துக்கொண்டிருந்த ஞானம்பிகை கையை நிறுத்தவில்லை. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை அவருக்கு. மற்றவர்களின் பொய்களை இரண்டு மொழியில் கேட்டுக் கேட்டு, யார் என்ன சொன்னாலும் முகம் மாறாமல் இருக்கப் பழகிவிட்டார். பலேர்மோத் தமிழ்ச் சனத்துக்கு ஒரு சிக்கல் வந்தால் முதலில் மாதாவிடம் போவார்கள், அல்லது முருகனிடம் போவார்கள். அங்கே சரிவரவில்லையென்றால் இந்தக் குசினிக்கு வருவார்கள்.

"எந்தப் படம்? என்னண்டு பூக்குது? இருந்து ஆறுதலாச் சொல்லும் பிள்ளை," என்றார்.

யன்னலடியில் நின்ற பெனடிக்ற் அதற்குள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டான். லாப்பா என்கிற மூன்று சக்கர வண்டியில் சாமான் ஏற்றி இறக்குவது அவன் தொழில். ஊர்ச் சிக்கலில் மூக்கை நுழைப்பதுதான் அவன் உயிர். நாற்பது வயதாகியும் அந்தக் குணம் போகவில்லை.

மொனிகா சொல்லத் தொடங்கினாள். பலேர்மோவுக்குப் பக்கத்துப் பகேரியாவில், சிஞ்ஞோரா எல்வீரா என்ற இத்தாலிய அம்மா வீட்டில் அவள் தங்கி நின்று வேலை செய்கிறாள். சிஞ்ஞோராவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கணவரோடு பல வருடம் ஜப்பானில், கியோத்தோவில் இருந்தவர். அங்கே பூ வரையவும் பழகியவர். கணவர் செத்தபின் அங்கிருந்து கொண்டுவந்த ஒரே ஒரு பட்டுச் சுருள் படத்தை உயிராக வைத்திருக்கிறார்.

"வருசத்திலை ஒருக்காத்தான் பெட்டியாலை எடுப்பா, அக்கா. அங்கை முதல் செர்ரிப் பூ விரிஞ்ச உடனை கியோத்தோவிலை இருக்கிற சிநேகிதி போனிலை படம் அனுப்புவா. அண்டைக்குக் கூடத்திலை, சுவர் மாடத்திலை மாட்டுவா. அங்கை பூக்கொட்டி முடிய இஞ்சை சுருட்டி வைச்சிடுவா. ஜப்பானிலை அப்பிடித்தானாம், காலத்துக்கு ஏத்த படம்."

"படத்திலை என்ன கிடக்கு?"

"ஒரு கொப்பு. முழுக்க மொட்டு. நாலைஞ்சு பூத்தான் விரிஞ்சிருக்கும். பூக்கப்போறதைப் பாத்துக்கொண்டு இருக்கிறதுதான் வடிவு எண்டு சிஞ்ஞோரா சொல்லுவா." மொனிகா போனை எடுத்து நீட்டினாள். "இது மாட்டின அண்டு வட்ஸ்அப்பிலை போட எடுத்தனான். இது இண்டைக்குக் காலமை."

பெனடிக்ற் எட்டிப் பார்த்தான். "யேசுவே!" என்று நெற்றியிலும் நெஞ்சிலும் கையை வைத்தான்.

முதல் படத்தில் கறுப்புக் கொப்பும் மொட்டுகளும்தான். இரண்டாவதில் அதே கொப்பு முழுக்க இளஞ்சிவப்பாக விரிந்து கிடந்தது.

"ஒரேயடியா வரேல்லை," என்றாள் மொனிகா. "நான் வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தானே லீவிலை வெளிக்கிடுறனான், எல்லா வீட்டு வேலைக்காரரையும் போலை. திரும்பிப் போய்ப் பாக்கிற ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடப் பூத்திருக்கும். நான் செத்துப்போன சிஞ்ஞோரின்ரை ஆவிதான் எண்டு நினைச்சன். தீர்த்தம் தெளிச்சனான்."

"படத்திலையோ?"

"கொஞ்சம்தான் அக்கா. ஒரு பூ அப்பிடியே கரைஞ்சு வழிஞ்சுது. ரத்தம் வழியுற மாதிரி. நான் கத்திக்கொண்டு ஓடிட்டன்."

"வழிஞ்சது பழைய பூவோ, புதுசோ?"

"புதுசு."

"பழைய பூவிலையும் தண்ணி பட்டதோ?"

மொனிகா யோசித்தாள். "ஓம், பட்டது. அது ஒண்டும் ஆகேல்லை."

"அப்ப ஆவியை விடுவம். ஆவி தண்ணியிலை கரையாது," என்றார் ஞானம்பிகை.

மொனிகாவுக்கு ஆறுதல் வரும் என்று பெனடிக்ற் நினைத்தான். அவளுடைய முகம் இன்னும் கறுத்துப்போனது.

"அதுதான் அக்கா இன்னும் பயம். போன கிழமை சிஞ்ஞோராவின்ரை மேசை லாச்சிக்குள்ளை பிறஷ் ஈரமாக் கிடந்தது. பிங்க் நிறம் பட்டுக்கிடந்தது. அவ அதை எடுத்துப் பாத்தவ. தானே எழும்பிப் போய்ப் பூக் கீறிப்போட்டு மறந்திடுறன் எண்டு நினைக்கிறா. தன்ரை கையைத் தானே பாத்துக்கொண்டு இருக்கிறா. நேற்று என்னட்டைக் கேட்டா, 'மொனிகா, படுக்கேக்கை என்ரை கையைக் கட்டிவிடுவியோ?' எண்டு."

இதற்குமேல் அவளால் முடியவில்லை. அழுதாள். ஞானம்பிகை அவரைக் கோதுகளை ஒதுக்கிவிட்டு அவள் பக்கத்தில் வந்து இருந்தார்.

"நாளைக்கு என்ன நடக்கப்போகுது? அதைச் சொல்லும். நீர் இவ்வளவு நாள் பொறுத்திட்டு இண்டைக்கு ஓடி வந்திருக்கிறீர்."

"நாளைக்குக் காலமை நீதிமன்றத்தாலை டாக்குத்தர் வாறார். சிஞ்ஞோராவின்ரை புருசன்ரை தமக்கை மகன் கொறாதோ கோட்டுக்கு எழுதியிருக்கிறார், படத்தையே கெடுக்கிற அளவுக்கு மாமிக்குப் புத்தி தடுமாறிட்டுது எண்டு. டாக்குத்தர் ஓமெண்டால் அவவைக் கொண்டுபோய் முதியோர் இல்லத்திலை விட்டிடுவினம். அவ அங்கை இருக்கமாட்டா அக்கா. செத்துப்போவா. நான் உண்மையைச் சொன்னால், படம் பூத்தது எண்டு சொல்லவேணும். அப்ப எனக்கும் விசர் எண்டுவினம். இல்லாட்டி நான்தான் கீறினதெண்டுவினம்."

"கொறாதோதான்!" என்று துள்ளினான் பெனடிக்ற். "வீட்டைப் பறிக்கிற வேலை. வேறை என்ன?"

"அவர் ஜெனோவாவிலை இருக்கிறவர், அண்ணை. மாதத்திலை ஒருக்காத்தான் வருவார். நேற்று வாறன் எண்டவர், கடல் கொந்தளிப்பிலை கப்பல் விடேல்லை, நாப்போலியிலை நிண்டிட்டார். ஆனா நேற்றும் படம் பூத்தது."

பெனடிக்றுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஞானம்பிகை மெல்லச் சிரித்தார். பிறகு, நீர் லீவிலை போனால் சிஞ்ஞோராவோடை ஆர் நிக்கிறது என்று கேட்டார்.

"மெலீனா சிஞ்ஞோரா. முன்னை பள்ளிக்கூட ரீச்சர். புருசன் இல்லை, தனிய இருக்கிறா. ரெண்டு பேரும் சின்னனிலை இருந்து சிநேகிதம். சீட்டு விளையாடுவினம், சாப்பிடுவினம், சிஞ்ஞோரா கதிரையிலேயே ஒரு நித்திரை போடுவா. தங்கமான மனுசி அக்கா. அவ ஒராள்தான் எங்களுக்கு ஆறுதல். சிஞ்ஞோரா பயந்து கேட்டால், 'படம் எப்பவும் இப்பிடித்தானே இருந்தது எல்வீரா, நீ மறந்திட்டாய்' எண்டு சொல்லித் தேற்றுவா. 'அப்பிடி இல்லத்துக்குப் போனாலும் பயப்பிடாதை, தெர்மினிப் பக்கம் ஒண்டு இருக்கு, ரெண்டு கட்டில் அறை, யன்னலாலை கடல் தெரியும், பின்னேரம் தேத்தண்ணியோடை அனிஸ் பிஸ்கற் குடுப்பினம்' எண்டெல்லாம் சொல்லுவா."

"போட்டிருக்கிற கோட் வடிவாக் கிடக்கு," என்றார் ஞானம்பிகை திடீரென்று.

மொனிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் கோட்டைப் பார்த்தாள். "இதுவும் அவ தந்ததுதான். செப்புச் சட்டியும் தந்தவ, மேசை விரிப்பும் தந்தவ. இந்த மாதம் முழுக்க ஒவ்வொண்டாத் தந்துகொண்டே இருக்கிறா."

"நல்லது. கடைசியா ஒண்டு. லீவாலை திரும்பி வர, குசினித் தொட்டியிலை என்ன கிடக்கும்?"

இதென்ன கேள்வி என்பதுபோல் பெனடிக்ற் பார்த்தான். ஆனால் வீட்டு வேலை செய்கிறவளுக்கு இது மறக்கிற காரியமா? மொனிகா உடனே சொன்னாள்.

"எல்லாம் கிடக்கும். கோப்பி குடிச்ச கோப்பை, சாப்பிட்ட கோப்பை, எல்லாம் எனக்குத்தான். ஒரு கிளாஸ் மட்டும் கழுவிக் கவிட்டு வைச்சிருக்கும். அது ஏனெண்டு எனக்குத் தெரியாது."

*

இரவு சிஞ்ஞோராவோடு நின்ற மொனிகா அடுத்த நாள் காலமை கூட்டிப்போக வர, மூவரும் பகேரியாவுக்கு ரயிலேறினார்கள். வழி முழுக்கப் பெனடிக்ற் ஒவ்வொரு ஆளாகக் குற்றவாளியாக்கி, அடுத்த ஸ்டேசனில் விடுதலை செய்துகொண்டு வந்தான். கடைசியில் மொனிகாவையே ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கினான். ஞானம்பிகை அவன் காலை மிதித்தார்.

எலுமிச்சைத் தோட்டத்துக்கு நடுவே பழைய பெரிய வீடு. வாசல் நடையில் பகேரியா மலையை நீர்வர்ணத்தில் வரைந்த சின்னப் படம் ஒன்று தொங்கியது. பெனடிக்ற் நின்று, "நல்லாக் கீறியிருக்கினம்," என்றான்.

"அது மெலீனா சிஞ்ஞோரா பிறந்தநாளுக்குக் குடுத்தது," என்றாள் மொனிகா.

கூடத்தில் சிஞ்ஞோரா எல்வீரா சுவர் மாடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். இரண்டு கையையும் சால்வைக்குள் இறுக்கிச் சுற்றி வைத்திருந்தார். இனி நடந்த பேச்செல்லாம் இத்தாலியனில்தான்.

"டாக்டரோ?" என்று கேட்டார்.

"இல்லை, சிஞ்ஞோரா. நான் மொழிபெயர்ப்பாளர். டாக்டர் மொனிகாவையும் விசாரிப்பார், அதற்காக வந்தேன்."

"அப்படியென்றால் உள்ளதைச் சொல்லுகிறேன், நீங்கள் எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல்லுங்கள். நான் அந்தப் படத்தைக் கெடுக்கவில்லை என்று என்னால் சத்தியம் பண்ண முடியவில்லை. இதைவிடப் பயங்கரம் என்ன இருக்கிறது? சாவுக்கு நான் பயப்படவில்லை. எனக்கு என் கையே பயமாக இருக்கிறது."

ஞானம்பிகை முகம் மாறாத மனுசிதான். ஆனாலும் ஒரு கணம் யன்னல் பக்கம் திரும்பவேண்டி வந்தது. பிறகு படத்தண்டை போனார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூச்சுக்கூடப் படாமல் பார்த்தார்.

பழைய பூக்கள் ஒவ்வொன்றும் நீளமான காம்பில் கொப்பிலிருந்து கீழே தொங்கின. மொட்டுகளுக்கும் அப்படித்தான் காம்பு. புதிய பூக்களுக்குக் காம்பே இல்லை. கொப்பில் நேரே ஒட்டிக்கொண்டு இருந்தன.

"அக்கா," என்று தமிழில் கிசுகிசுத்தான் பெனடிக்ற். "இந்தப் பூவை எனக்குத் தெரியும். பெப்ரவரியிலை றோட்டுக் கரையிலை லாப்பாவை விட்டிட்டுப் போனால், வந்து இதைத்தான் கூட்டித் தள்ளவேணும். பாதாம் பூ. கொப்போடை ஒட்டிக்கொண்டுதான் பூக்கும்."

ஞானம்பிகை அவனைத் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு நாளில் முதன்முதலாக அவன் சொன்ன ஒன்று பிரயோசனப்பட்டது. "கெட்டிக்காரன். இனி வாயைத் திறக்காதையும்," என்றார்.

பிறகு புதிய பூக்களின் கீழ்ப்பக்கத்தை உற்றுப் பார்த்தார். எல்லாவற்றிலும் கீழ் விளிம்பில் நிறம் இறங்கித் திரண்டு கடுமையாக இருந்தது. பழைய பூக்களில் நிறம் எங்கும் ஒரே அளவாக இருந்தது.

"சிஞ்ஞோரா, நீங்கள் எப்படி வரைவீர்கள்? எனக்காக ஒரு பூ வரைந்து காட்டுவீர்களா?"

"முடியாது! தூரிகையை என் கையில் தராதீர்கள்!"

"நான் பக்கத்திலேயே நிற்கிறேன். உங்கள் கையை நான் பார்த்துக்கொள்கிறேன்."

நீண்ட நேரத்துக்குப் பிறகு சால்வை அவிழ்ந்தது. மொனிகா தாளும் நிறமும் கொண்டுவந்தாள். தாளைச் சிஞ்ஞோரா மேசையில் படுக்க வைத்து, நான்கு மூலையிலும் பாரம் வைத்து, குனிந்து, தூரிகையை நேரே நிமிர்த்திப் பிடித்தார். கை நடுங்கியது. ஆனால் முதலில் வந்தது ஒரு நீளக் காம்பு. அதன் முனையில்தான் பூ வந்தது.

ஞானம்பிகை தாளை எடுத்து மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். வாசலில் மணி அடித்தது.

*

வந்தவர் கொறாதோ. ஐம்பது வயது, நெடிய மனிதர், இரவெல்லாம் கப்பலில் நித்திரையில்லாத கண். மாமியின் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு ஒரு மூலையில் நின்றுகொண்டார். சற்று நேரத்தில் சிஞ்ஞோரா மெலீனாவும் வந்தார். குள்ளமான, சுத்தமாக உடுத்த, வெள்ளைத் தலை மூதாட்டி. கையில் பிஸ்கற் பொட்டலம். வந்ததும் எல்வீராவின் பக்கத்தில் இருந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர் வருவதற்கு இன்னும் நேரமிருக்கிறது," என்றார் ஞானம்பிகை. "சிஞ்ஞோர் கொறாதோ, ஒரு கேள்வி. மாமியும் மொனிகாவும் படத்தைப் பற்றி வெளியே மூச்சுவிடவில்லை. ஜெனோவாவில் இருந்த உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

"சிஞ்ஞோரா மெலீனா போன் பண்ணினார். அழுதார். மாமி தானே படத்தின்மேல் வரைந்துவிட்டு மறந்துவிடுகிறார், ஏதும் நடக்கமுன் பொறுப்பான இடத்தில் சேர்க்கவேண்டும் என்றார். நான் என்ன செய்வது? பயந்துபோய்த்தான் கோட்டுக்கு எழுதினேன். இந்த வீட்டை விற்கிற யோசனை எனக்கு இல்லை. யார் வாங்குவார்கள் இதை?"

எல்வீரா மெல்லத் தலையைத் திருப்பிச் சிநேகிதியைப் பார்த்தார். "படம் எப்போதும் இப்படித்தான் இருந்தது என்றாயே எனக்கு."

"உன் மனம் நோகக்கூடாதென்று சொன்னேன்," என்றார் மெலீனா.

"அப்படியும் இருக்கலாம்," என்றார் ஞானம்பிகை. "ஆகவே அதை விடுவோம். படத்திடமே கேட்போம். புதிய பூக்கள் தண்ணீரில் கரைகின்றன. அண்மையில் யாரோ ஒரு மனிதக் கை நீர்வர்ணத்தில் வரைந்தவை. அது சிஞ்ஞோரா எல்வீராவின் கை அல்ல."

எல்வீராவின் உடம்பு ஒருமுறை குலுங்கியது. மொனிகா ஓடிப்போய்த் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஞானம்பிகை கைப்பையிலிருந்த தாளை மேசையில் விரித்தார். "இது இப்போது அவர் வரைந்தது. பயத்தில் கை நடுங்குகிறது, மனம் ஒரு நிலையில் இல்லை. அப்படியிருந்தும் முதலில் காம்புதான் வந்தது. கியோத்தோவில் ஒவ்வொரு வசந்தமும் செர்ரிப் பூவைப் பார்த்து வரைந்த கை இது. மறதியிலும் காம்பை விடாது. சுவரில் இருப்பவற்றுக்குக் காம்பே இல்லை. அவை செர்ரிப் பூ அல்ல. சிசிலியில் பிறந்து வளர்ந்த ஒருவர், வருடா வருடம் பார்க்கிற பாதாம் பூவைக் கை போன போக்கில் வரைந்திருக்கிறார்."

பெனடிக்ற் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். அதைக் கண்டுபிடித்தது தான்தான் என்று யாராவது சொல்வார்களா என்று பார்த்தான். ஒருவரும் சொல்லவில்லை.

"இரண்டாவது," என்று தொடர்ந்தார் ஞானம்பிகை. "ஜப்பானிய முறையில் படித்தவர்கள் தாளையோ பட்டையோ படுக்க வைத்துத்தான் வரைவார்கள். இந்தப் பூக்களில் நிறம் கீழே இறங்கித் திரண்டிருக்கிறது. படம் சுவரில் தொங்க, எதிரே நின்று வரைந்திருக்கிறார்கள். பலகையில் நிமிர்த்தி வைத்து வரைகிற இந்த ஊர்ப் பழக்கம். மூன்றாவது, மொனிகா லீவில் போன நாளில் மட்டும் பூக்கிறது. வரைய ஒரு கிளாஸ் தண்ணீர் வேண்டும், நிறம் பட்ட கிளாஸைப் பிறகு கழுவவேண்டும். எல்லாக் கோப்பையையும் தொட்டியில் போட்டுவிட்டு, ஒரு கிளாஸை மட்டும் கழுவிக் கவிழ்த்து வைக்கிற விருந்தாளி யார்?"

மெலீனா தன் கையை எல்வீராவின் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"வாசலில் இருக்கிற மலைப் படம் நீங்கள் வரைந்தது, சிஞ்ஞோரா. பள்ளிக்கூடத்தில் என்ன படிப்பித்தீர்கள்?"

"சித்திரம்," என்றார் எல்வீரா, மெலீனாவுக்குப் பதிலாக. குரல் வேறு யாருடையதோபோல் இருந்தது. "முப்பது வருடம் சித்திரம் படிப்பித்தவள். நான் நித்திரை கொள்ளும்போது... என் முதுகுக்குப் பின்னால் நின்று வரைந்தாயா, மெலீனா? என் லாச்சியில் தூரிகையை நனைத்து வைத்ததும் நீயா?"

மெலீனா பிஸ்கற் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்?" என்று கத்தினார் கொறாதோ. "உங்களுக்கு என்ன லாபம்?"

"லாபம் ஒன்றுமில்லை," என்றார் ஞானம்பிகை. குரலை அவர் உயர்த்தவே இல்லை. "இவர் இந்த மாதம் கோட், சட்டி, மேசை விரிப்பு என்று வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக மொனிகாவுக்குக் கொடுத்திருக்கிறார். குடிபெயர்கிறவர்கள்தான் அப்படிக் கொடுப்பார்கள். தெர்மினிப் பக்கத்து இல்லத்தில் யன்னலால் என்ன தெரியும், பின்னேரம் என்ன பிஸ்கற் கொடுப்பார்கள் என்பதெல்லாம் இவருக்குத் தெரிகிறது. போய்ப் பார்த்து வந்திருக்கிறார். அங்கே போகப்போவது இவர். அறையில் இரண்டு கட்டில்."

மெலீனாவின் கையிலிருந்த பொட்டலம் நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் நிமிரவே இல்லை. குனிந்தபடியே பேசினார்.

"மகன் வீட்டை விற்றுவிட்டான். வருகிற திங்கட்கிழமை என்னைக் கொண்டுபோய் விடப்போகிறான். போய்ப் பார்த்தேன், எல்வீரா. கடல் தெரிகிறதுதான். ஆனால் மற்றக் கட்டிலில் யாரென்று தெரியாது. இரவில் விளக்கை அணைத்தபின் பக்கத்தில் தெரியாத ஒரு மூச்சு. அதை நினைத்து எனக்கு நித்திரையே வருவதில்லை. போன வருடம் உன்னிடம் கேட்டேன், இரண்டு பேருமாகப் போவோமா என்று. நீ சிரித்தாய். என்னை உயிரோடு புதைக்கப் பார்க்கிறாயா என்று கேட்டாய்."

"அதற்காக எனக்கு விசர் என்று என்னையே நம்பவைத்தாயா?"

"உனக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். என்னோடு வந்துவிடுவாய், பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். எனக்குப் பயம், எல்வீரா. வேறொன்றும் இல்லை. பயம்."

மொனிகாவுக்கு இந்த மனுசியை அறைய வேண்டும்போலவும் இருந்தது, தூக்கி நிறுத்த வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் நின்றாள். அந்த நேரத்தில்தான் மணி மறுபடி அடித்தது. கோட்டு டாக்டர் வந்துவிட்டார்.

இளம் மனிதர், பண்பானவர். எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சிஞ்ஞோராவுக்கு எதிரே இருந்தார். தேதி கேட்டார், பிரதமர் பெயர் கேட்டார், கொஞ்சம் கணக்குக் கேட்டார். எல்வீரா ஒன்றுக்கும் தடுமாறவில்லை. பிறகு டாக்டர் சுவரைக் காட்டினார். மனுவில் இந்தப் படத்தைப் பற்றி எழுதியிருக்கிறதே, இதை வரைந்தது யார் என்று கேட்டார்.

மெலீனா கண்ணை மூடிக்கொண்டார். பெனடிக்ற் மூச்சை இழுத்துப் பிடித்தான்.

"கொப்பும் மொட்டும் கியோத்தோவில் ஒருவர் வரைந்தது," என்றார் எல்வீரா. "புதிய பூக்கள் என் சிநேகிதி வரைந்தவை, இதோ இருக்கிறாள். பாதாம் பூவுக்கும் செர்ரிப் பூவுக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியாது. அவற்றைப் படம் திருத்துகிறவர் யாரையாவது கொண்டு நனைத்து எடுப்பிப்பேன். எங்கள் இரண்டு பேருக்கும் வயதாகிவிட்டது டாக்டர், இரண்டு பேருக்கும் பயம். பயப்படுகிறவர்களையெல்லாம் புத்தி கெட்டவர்கள் என்று எழுதுவீர்களானால் என்னையும் எழுதுங்கள்."

டாக்டர் மெலீனாவைப் பார்த்தார். மெலீனா ஓமென்று தலையை ஆட்டினார். டாக்டர் கொறாதோவைப் பார்த்தார். மனுவைத் தான் திரும்பப் பெற்றுக்கொள்வதாகக் கொறாதோ சொன்னார். பிறகு மொனிகாவிடம் சில கேள்வி, ஞானம்பிகைக்கு வேலையே இல்லை, மொனிகா இத்தாலியனில் படபடவென்று பொழிந்து தள்ளினாள். போகும்போது டாக்டர் எல்வீராவின் கையைக் குலுக்கி, "நீங்கள் உங்கள் வீட்டிலேயே இருங்கள், சிஞ்ஞோரா," என்றார்.

கதவு சாத்தியதும் மொனிகா நிலத்தில் குந்தியிருந்து அழுதாள். பெனடிக்ற் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவர ஓடினான். எல்வீரா தன் இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்து, புதிதாகக் கிடைத்த சாமானைப்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெலீனா கைப்பையை எடுத்துக்கொண்டு, ஒருவர் முகத்தையும் பாராமல் வாசலுக்கு நடந்தார். ஒருவரும் மறிக்கவில்லை.

"மெலீனா."

அவர் நின்றார். திரும்பவில்லை.

"உன்னை நான் மன்னிக்கவில்லை," என்றார் எல்வீரா. "மன்னிப்பேனா என்றும் தெரியாது. என் கையை எனக்கே பயமாக்கிவிட்டாய். ஆனால் திங்கட்கிழமை உன் மகனோடு மட்டும் போகாதே. நானும் வருகிறேன். அந்த மற்றக் கட்டிலில் யாரென்று பார்த்து, அவளோடு ஒரு வார்த்தை பேசி, உன்னை அங்கே இருத்திவிட்டு வருகிறேன்."

மெலீனா கதவைப் பிடித்துக்கொண்டு விம்மினார்.

"விட்டுவிட்டு நான் வீட்டுக்கு வந்துவிடுவேன், மெலீனா," என்றார் எல்வீரா. "அதை மட்டும் இப்போதே விளங்கிக்கொள்."